கிடங்கும் காலிமனையும்: குழந்தைகளுக்கான அறிவியல் புனைவு அனிமேஷன் சீசன் ஒன்று உருவாகும் கணக்கு

குழந்தைகளுக்கான அனிமேஷன் தொடரை விற்கிற இடத்திலும் வாங்குகிற இடத்திலும் அடிக்கடி அடிபடும் கணக்கு ஒன்று உண்டு. 22 நிமிடத்தில் 26 எபிசோடு, இல்லையென்றால் 11 நிமிடத்தில் 52 எபிசோடு. பெருக்கிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்: 572 நிமிடம். கதைக்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆண்டுக்கு 52 வாரம், பாதிக்குப் புதிய எபிசோடு, மீதிக்கு மறுஒளிபரப்பு என்று தொலைக்காட்சிக்காரர்களுக்குத் தோதாக அமைந்த எண் அது. வரைகிறவர்களிடம் அதே கணக்கு வேறு மாதிரி வந்து சேர்கிறது. நொடிக்கு 24 ஃபிரேம் வீதம் 572 நிமிடத்துக்கு 8,23,680 ஃபிரேம். ஒரே படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்திவைத்தாலும் நான்கு லட்சம் படங்களுக்கு மேல் வேண்டும்.

வீட்டுக்குள் நடக்கும் நகைச்சுவைக்கு ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரு தெரு போதும். அறிவியல் புனைவின் சுபாவம் வேறு. இந்த வாரம் செவ்வாய், அடுத்த வாரம் கடலடி நகரம், அதற்கடுத்த வாரம் மூன்றாயிரமாவது ஆண்டு என்று அது ஓடிக்கொண்டே இருக்க விரும்பும். போகிற இடத்திலெல்லாம் புதிய கட்டடம், புதிய உடை, புதிய ஜந்து. ஒவ்வொன்றையும் வடிவமைக்க ஆள், நாள், பணம். ஆகவே இப்படிப்பட்ட ஒரு சீசனை எழுதுகிறவர் முதலில் யோசிக்க வேண்டியது எதை வரைவது என்பதைவிட, எதைத் திரும்ப வரையாமல் தப்பிப்பது என்பதைத்தான். இந்த வகைத் தொடர்களின் வரலாற்றைப் புரட்டினால், பிழைத்து நின்றவை எல்லாமே இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு விடை கண்டுபிடித்தவைதான்.

முதல் விடை ஜப்பானில் கிடைத்தது. 1963 ஜனவரி 1 அன்று ஃபூஜி தொலைக்காட்சியில் ஒசாமு தெசூகாவின் இயந்திரச் சிறுவன் ஆட்டம் பறந்து வந்தான். பிற நாடுகளுக்கு அவன் ‘ஆஸ்ட்ரோ பாய்’. வாரம் ஒரு அரைமணி நேர அனிமேஷன் என்பது அன்றைய ஜப்பானில் நடக்காத காரியம் என்றே பலரும் நினைத்தார்கள். தெசூகாவின் முஷி புரொடக்‌ஷன் அதை நடத்திக் காட்டியது, ஆனால் டிஸ்னியின் வழியில் அல்ல. ஒரு படத்தை மூன்று ஃபிரேமுக்கு நிறுத்தினார்கள். பாத்திரம் பேசும்போது உடல் அசையாது. வாய் மட்டும் தனித் தாளில் மாறும். ஓட்டமும் அதிர்ச்சியும் வேண்டிய இடத்தில் அசையாத ஓவியத்தின் மேல் கேமராவை நகர்த்தினார்கள்.

இவற்றைவிட முக்கியமானது அவர்கள் சேர்த்த கிடங்கு. ஆட்டம் காலில் தீப்பிழம்போடு மேலெழும் காட்சி, வலமிருந்து இடமாகப் பறக்கும் காட்சி, திரும்பிப் பார்க்கும் முகம் என ஒருமுறை வரைந்து வண்ணமிட்ட தாள்களை எறியாமல் அடுக்கி வைத்தார்கள். அடுத்த எபிசோடில் ஆட்டம் பறக்க வேண்டுமா? அலமாரியிலிருந்து எடுத்து, பின்னணியை மட்டும் மாற்றினால் ஆயிற்று. போன வாரம் டோக்கியோ மேல் பறந்தவன் இந்த வாரம் நிலாவின் மேல் பறப்பான். பார்க்கிற குழந்தைக்கு அது குறையாகவே படவில்லை. பழகிய அசைவு திரும்ப வருவது குழந்தைக்குப் பிடித்த விஷயம், பாட்டில் பல்லவி திரும்ப வருவதுபோல. சிக்கனத்துக்காகச் செய்தது ரசனையாகவே மாறிவிட்ட வேடிக்கை இது.

ஒரு எபிசோடை ஐந்தரை லட்சம் யென்னுக்கு, அதாவது அடக்கவிலைக்கும் கீழே, தெசூகா விற்றார் என்ற கதை ஜப்பானிய அனிமேஷன் உலகில் நெடுநாள் புழங்கியது. கைக்கு வந்தது அதைவிடக் கூடுதல் என்று பின்னாளில் ஆய்வாளர்கள் மறுத்திருக்கிறார்கள். தொகை எதுவானாலும், தொலைக்காட்சி கொடுத்த காசு போதவில்லை என்பதில் இரண்டு கருத்து இல்லை. பள்ளத்தை நிரப்பியவை இரண்டு. ஒன்று, மெய்ஜி நிறுவனத்தின் மார்பிள் சாக்லேட்டோடு கொடுத்த ஆட்டம் ஸ்டிக்கர் போன்ற உரிமை வருமானம். இன்னொன்று அமெரிக்க விற்பனை. இரண்டுமே ஆட்டம் என்ற உருவம் தெசூகாவிடம் இருந்ததால் வந்தவை. தொடர் 1966 கடைசிநாள் வரை 193 எபிசோடுகள் ஓடியது. முஷி புரொடக்‌ஷன் 1973-ல் திவாலானது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கிடங்கு மட்டும் ஒரு நிறுவனத்தைக் காப்பாற்றிவிடாது.

இரண்டாவது விடை நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்தது. டோரேமான் இருபத்திரண்டாம் நூற்றாண்டிலிருந்து வந்த பூனை இயந்திரம். அவன் வயிற்றுப் பையில் காலத்தையும் வெளியையும் வளைக்கும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் கதை எங்கே நடக்கிறது? நோபிதாவின் மாடியறை, பள்ளிக்கூடம், தெருமுனை, மூன்று சிமென்ட் குழாய்கள் அடுக்கிக் கிடக்கும் ஒரு காலிமனை. அவ்வளவுதான். கால இயந்திரம்கூட மேஜை இழுப்பறைக்குள் இருக்கிறது. 1973-ல் ஒருமுறை தொலைக்காட்சிக்கு வந்து ஆறே மாதத்தில் நின்றுபோன இந்தக் கதை, 1979 ஏப்ரலில் ஷின்-எய் நிறுவனத்தின் கையில் மறுபடி தொடங்கிப் பல்லாண்டு ஓடியது. இதைப் படைத்த ஃபுஜிக்கோ ஃபுஜியோ சிக்கனத்தை நினைத்து அந்தக் காலிமனையை வரைந்தாரா என்று கேட்டால், இல்லை. அவர் வரைந்தது பத்திரிகைக் காமிக்ஸ். ஆனால் அனிமேஷனுக்கு அது தானாகவே கைகொடுத்தது. நாயகன் விண்வெளிக்குப் போகாமல் விண்வெளி நாயகனின் தெருவுக்கு வந்தால், தெருவை ஒருமுறை வரைந்தால் போதும்.

பிரிட்டனின் ‘டாக்டர் ஹூ’ அனிமேஷன் அல்ல. ஆனாலும் 1970-ல் அதற்கும் இதே ஞானம் வந்தது. கோள்விட்டுக் கோள் திரிந்த டாக்டரைப் பூமியிலேயே சிறைவைத்துவிட்டார்கள். கதையில் அதற்குச் சொன்ன காரணம் தண்டனை. தயாரிப்பு அலுவலகத்தில் இருந்த காரணங்களில் முதன்மையானது செட் போடும் செலவு.

இந்தியத் தொடர்களுக்கு வருவோம். ‘சோட்டா பீம்’ தோலக்பூரில் நடக்கிறது, ‘மோட்டு பட்லு’ ஃபுர்ஃபுரி நகரில். நம் ஸ்டுடியோக்களும் காலிமனைச் சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டன என்பது பார்த்தாலே தெரியும். அறிவியல் புனைவு அங்கே ஊறுகாய் அளவுக்குத்தான்: மோட்டு பட்லுவில் டாக்டர் ஜட்கா ஏதோ ஒரு கருவி செய்வார், அது சொதப்பும், துரத்தல் தொடங்கும். மாயா டிஜிட்டல் ஸ்டுடியோ தயாரித்து ஹங்காமா தொலைக்காட்சியில் வந்த ‘வீர்: தி ரோபாட் பாய்’ இன்னும் ஒரு படி மேலே போய், டாக்டர் சகாய் என்ற விஞ்ஞானி உருவாக்கிய இயந்திரச் சிறுவனையே நாயகன் ஆக்கியது. அவனுக்குத் துணை ஒரு கழுதையும் ஒரு ஜின்னும். இயந்திரம் பக்கத்தில் ஜின் நிற்கலாம், யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் மந்திரம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் உலகத்தில், ஒரு கருவி எப்படி வேலை செய்கிறது, ஏன் பழுதாகிறது என்று யோசிக்கும் சுகம் குழந்தைக்குக் கிடைக்காமல் போகிறது. என் குறை அதுதான்.

இந்திய முயற்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ‘லாம்புட்’. வைபவ் குமரேஷின் மும்பை ஸ்டுடியோ கார்ட்டூன் நெட்வொர்க்குக்காக உருவாக்கியது. ஆய்வுக்கூடத்திலிருந்து தப்பித்த ஆரஞ்சு நிறக் கூழ் ஒன்று. அதைப் பிடிக்க அலையும் இரண்டு டாக்டர்கள். தொடக்கத்தில் 15 நொடித் துணுக்குகளாக வந்தது. பிறகு சில நிமிடங்கள் நீளும் எபிசோடுகளாக வளர்ந்தது. சர்வதேச எம்மி விருதுப் பரிந்துரை வரை போனது. இங்கே கிடங்குக் கணக்கு தலைகீழாக நிற்கிறது. கூழுக்கு எலும்பு கிடையாது, உடை கிடையாது, முடி கிடையாது. அது நாற்காலியாகும், நாயாகும், மனிதரைப்போலக்கூட நடிக்கும். நிறம் மட்டும் காட்டிக்கொடுக்கும். பாத்திரத்தை அவ்வளவு எளிமையாக்கியதால் மிச்சமான உழைப்பு முழுவதையும் அசைவின் நயத்தில் கொட்ட முடிந்தது. வசனமே இல்லாததால் எந்த நாட்டிலும் டப்பிங் இல்லாமல் ஓடும். 15 நொடியில் பாத்திரத்தைச் சோதித்துவிட்டு நீளமான சீசனுக்குப் போனதும் கெட்டிக்காரத்தனம். முதல் நாளே 572 நிமிடத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடிக் கவிழ்ந்தவர்கள் இந்தத் துறையில் ஏராளம்.

தமிழில் என்ன இருக்கிறது? காகிதத்தில் நமக்கு நல்ல தொடக்கம் இருந்தது. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யைக் கொண்டுவந்தபோது அது பிரிட்டிஷ் சரக்கு என்று எந்தப் பையனும் கவலைப்படவில்லை. 1980-களில் ஆனந்த விகடனில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ வந்தது. அதில் வரும் ஜீனோ பெரியவர்கள் கதையில் பிறந்த இயந்திர நாய்தான். இருந்தும் அதைத் தத்தெடுத்தவர்கள் பிள்ளைகள். அனிமேஷன்காரர் கண்ணால் பார்த்தால் ஜீனோ ஒரு வரப்பிரசாதம்: சிறிய உருவம், வளையாத உடல், ஓயாத வாய். அந்தக் கதை தொலைக்காட்சித் தொடரானதே தவிர, அனிமேஷன் சீசன் ஆகவில்லை.

கணினி அனிமேஷனில் சென்னை பின்தங்கியும் இல்லை. பென்டாமீடியா கிராஃபிக்ஸ் 2000-ல் வெளியிட்ட ‘சிந்துபாத்’, முழுக்க மோஷன் கேப்சர் முறையிலேயே எடுக்கப்பட்ட முதல் முழுநீள அனிமேஷன் படம் என்று திரைப்பட வரலாற்றில் குறிக்கப்படுகிறது. அதே நிறுவனம் ‘பாண்டவாஸ்’, ‘அலிபாபா’ என்று தொடர்ந்தது. 2014-ல் ‘கோச்சடையான்’. எல்லாம் திரைப்படங்கள், எல்லாம் புராணமோ பழங்கதையோ ராஜா கதையோ. படம் என்பது ஒரு தீபாவளிக்கு வெடித்துத் தீர்வது. அடுத்த வாரத்துக்கென்று அலமாரியில் எடுத்துவைக்கும் பழக்கத்தை அது கற்றுத் தராது. 2007-ல் சன் குழுமத்தின் சுட்டி டிவி வந்தபோது தமிழ்ப் பிள்ளைகளுக்கு முழுநேரச் சேனல் கிடைத்தது, ‘ஜாக்கி சான் அட்வெஞ்சர்ஸ்’ தமிழ் பேசிய அழகை ஒரு தலைமுறையே இன்றும் சொல்லிச் சிரிக்கிறது. ஆனால் பேசியது நம் குரல், அசைந்தது வேறொருவர் கிடங்கு.

இந்த இடத்தில் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து ஆட்களுக்கு விளக்கமே தேவைப்படாத ஒரு விஷயம் வருகிறது: ஜாப் ஒர்க். இந்த வட்டாரத்து ஷூ கம்பெனிகளில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிற பெண்களுக்குத் தெரியும், கையில் இருக்கும் ஜோடி எந்த நாட்டுக் கடையில் எந்தப் பெயரில் அடுக்கப்படப் போகிறது என்று. கட்டிங், ஸ்டிச்சிங், ஃபினிஷிங் இங்கே. டிசைனும் பிராண்டும் அங்கே. சீசன் முடிந்தால் அந்த மாடலை இங்கே யாரும் சொந்தமாகத் தைத்து விற்க முடியாது. அனிமேஷனிலும் நெடுங்காலம் நடந்தது இதுவே. 26 எபிசோடுகள் கொண்ட ‘வுல்வரின் அண்ட் தி எக்ஸ்-மென்’ தயாரிப்பில் திருவனந்தபுரத்து டூன்ஸ் பெரும்பங்கு வகித்தது. ‘அயர்ன் மேன்: ஆர்மர்டு அட்வெஞ்சர்ஸ்’ தொடரை ஹைதராபாத்தின் டிக்யூ எண்டர்டெய்ன்மெண்ட் பிற நிறுவனங்களோடு சேர்ந்து தயாரித்தது. இரும்புக் கவசமும் ராக்கெட் பூட்டும் நம் ஆட்கள் கைபடாத அறிவியல் புனைவு அல்ல. கூட்டுத் தயாரிப்பில் பங்கு உண்டு என்றாலும், அயர்ன் மேன் என்ற உருவம் மார்வெல்லுடையது. வெறும் ஜாப் ஒர்க் என்றால் நிலைமை இன்னும் மோசம்: சீசன் முடிந்ததும் மாடல் கோப்பு, எலும்புச்சட்டகம், பின்னணி எல்லாம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். நான் மேலே சொன்ன அலமாரி, இரண்டாம் சீசனில் செலவைக் குறைத்து லாபம் காட்டும் அதே அலமாரி, நம் ஊரில் நிரம்பிவிட்டு வேறு ஊருக்குப் போய்விடுகிறது.

தோல் தொழிலில் அரசு ஒருமுறை குறுக்கே விழுந்து இதை மாற்றியது. 1970-களின் தொடக்கத்தில் சீதாராமய்யா குழுவின் பரிந்துரையை ஒட்டி, பச்சைத் தோலும் பாதி பதனிட்ட தோலும் அப்படியே கப்பலேறுவதற்கு மத்திய அரசு கடிவாளம் போட்டது. முழுதாகப் பதனிட்ட தோலுக்கும், பிறகு அப்பருக்கும், முழு ஷூவுக்கும் இந்த வட்டாரம் ஏறி வந்த படிகளில் அது முக்கியமானது. பிராண்டு என்ற கடைசிப் படி பெரும்பாலும் எட்டாமலே இருக்கிறது என்பதும் உண்மைதான். தோல் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பது தனிக் கதை. 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன கதை. அனிமேஷனுக்கு அப்படிக் கடிவாளம் போட முடியாது, கோப்புக்குச் சுங்கச்சாவடி கிடையாது. கர்நாடகம் 2012-லேயே இத்துறைக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. மத்திய அரசு 2022 பட்ஜெட்டில் ஒரு பணிக்குழுவை அறிவித்தது. கொள்கைகள் ஸ்டுடியோ கட்ட உதவும். கிடங்கை யார் பெயரில் எழுதுவது என்பதை ஒப்பந்தம் போடுகிறவர்தான் பார்க்க வேண்டும்.

பார்த்துக்கொண்டவர்கள் சென்னையிலேயே இருக்கிறார்கள். 2013-ல் யூடியூபில் தொடங்கிய சூசூ டிவி, குழந்தைப் பாடல்களைத் தவிர பெரிதாக எதையும் செய்யவில்லை. ஆனால் அந்தக் குண்டுக் கன்னப் பாத்திரங்கள் அவர்களுடையவை. ஒருமுறை செய்த உருவங்கள் பாட்டுக்குப் பாட்டு வந்து ஆடுகின்றன. உலகம் முழுக்கப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். அறிவியல் புனைவுக்கும் அதற்கும் எட்டாத தூரம் என்றாலும், சொந்தக் கிடங்கோடு இங்கிருந்தே பிழைக்கலாம் என்பதற்குச் சாட்சி போதும்.

சரி, தமிழில் ஒரு காலிமனை எங்கே இருக்கிறது? என் ஓட்டு ஜோலார்பேட்டைக்கு. சென்னையிலிருந்து மேற்கே சுமார் 215 கிலோமீட்டர், பெங்களூர்ப் பாதையும் சேலம், கோவைப் பாதையும் பிரியும் ஜங்ஷன், பின்னால் ஏலகிரி. ஊரைவிட ஸ்டேஷன் பெயர்பெற்றது. யார் வேண்டுமானாலும் எங்கிருந்து வேண்டுமானாலும் இங்கே வந்து இறங்கக் காரணம் இருக்கிறது, அது வேற்றுக்கோள்வாசியாக இருந்தாலும். நாயகர்கள் பயணம் போக வேண்டாம், கதை வண்டி மாற இறங்கினால் போதும். 11 நிமிடத்தில் 13 எபிசோடு, மொத்தம் 143 நிமிடம் என்று சிறியதாகத் தொடங்கினால், கட்ட வேண்டியவை பிளாட்பாரம், நடைமேம்பாலம், அப்பர் தைக்கும் அம்மா இருக்கும் ஒரு வீடு, வறண்ட பாலாறு. பாலாற்று மணலின் நிறத்தைக் கொஞ்சம் சிவப்பாக்கினால் செவ்வாய்க் கிரகம் இலவசம்.

கதைச்சரக்கும் பக்கத்திலேயே கிடக்கிறது. 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு ரயில் புறப்பட்டது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீர், போய்ச் சேர்ந்த இடம் சென்னை வில்லிவாக்கம். தாகத்தில் தவிக்கும் மாநகருக்கு ஆற்றை ரயிலில் ஏற்றி அனுப்புவது என்று யாராவது எழுதியிருந்தால் மிகைக் கற்பனை என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். அனிமேஷனில் இதற்கு ஆகும் செலவைப் பாருங்கள். கணினியில் வரைய மிகவும் சிரமமானவை தண்ணீர், தலைமுடி, துணி. மிகவும் சுலபமானது வளையாத இரும்பு. தண்ணீர் ரயிலில் தண்ணீர் கண்ணுக்கே தெரியாது, தொட்டிக்குள் இருக்கிறது. ஒரு வேகனைச் செய்துவிட்டு 49 தடவை நகலெடுத்தால் பிரம்மாண்டம் தயார். பெரிய ஊர் குடிக்க எங்கள் ஊர்த் தண்ணீரா என்று அப்போதே இங்கே எதிர்ப்புக் குரலும் எழுந்தது. வில்லன் இல்லாமலே சண்டை இருக்கிறது, இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அது புரியும்.

இன்னொன்று ஜவ்வாது மலைமேல், ஆலங்காயத்துக்கு அப்பால், காவலூர் வான்காணகத்தில். வானியலாளர் வைணு பாப்பு தேடிப் பிடித்த இடம். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டபோது அவர் இல்லை, 1982-லேயே மறைந்துவிட்டார். 1988-ல் இங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர். அந்தத் தேடலுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘கல்கி’. ஆனால் எபிசோடு என்றால் நான் எடுப்பது 1977 மார்ச் 10 இரவை. யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை நெருங்குகிறது. கோள் மறைக்கும் நேரம் வருமுன்பே நட்சத்திரம் சில நொடிகள் மங்குகிறது. மேகமா, கருவிக் கோளாறா? அமெரிக்கர்கள் இந்தியப் பெருங்கடல் மேல் விமானத்திலிருந்து பார்த்ததும், காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கி பதிந்ததும் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் காட்டின. கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி. அது சற்றே மங்கி மறுபடி ஒளிர்கிறது. 11 நிமிடத்தின் உச்சக்காட்சியை ஒரு மாணவன் ஒரு மதியத்தில் செய்துவிடுவான். அந்த ஒரு மங்கலுக்காகக் குழந்தையை மூச்சுப் பிடித்துக் காத்திருக்க வைப்பது எழுத்தாளர் வேலை. எழுத்தாளருக்கு ஆகும் செலவு ஃபிரேம் கணக்கில் வராது என்பதாலோ என்னவோ, பட்ஜெட்டில் அவருக்கான வரி எப்போதும் கடைசியில் இருக்கிறது.

பணம் யார் கொடுப்பது? 1955-ல் தொடங்கிய குழந்தைகள் திரைப்படச் சங்கம் 2022-ல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் தொடங்கியது. பாடம் நடத்துவதோடு நில்லாமல் ஒரு தொடரையும் அது கேட்டு வாங்கலாம். தனியார் சேனலைவிட அரசுக்கு இதில் ஒரு வசதி, ஸ்டிக்கர் விற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இப்படியெல்லாம் மிச்சம் பிடித்த காசை எங்கே செலவழிப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: வாயில். பல மொழியில் ஓட வேண்டிய நம் தொடர்களில் உதடு சும்மா திறந்து மூடும். எந்த மொழியை ஒட்டினாலும் ஒட்டிக்கொள்ளும். டப்பிங் கலைஞர் அந்த வாய்க்குள் தமிழை அடக்கப் படும் பாடு தனி. மூடிய உதட்டில் ப-வும் ம-வும் விழ வேண்டும், வாக்கியத்தின் வினைமுற்று வருமுன்பே பாத்திரம் வாயை மூடிவிட்டால் நடுவில் ஒரு சொல்லைத் தின்ன வேண்டும். குரலை முதலில் பதிந்து, அதைக் கேட்டுக் கேட்டு உதட்டையும் புருவத்தையும் வரைவது இன்னொரு முறை. நேரம் பிடிக்கும், கிடங்கில் போட்டுவைத்து மறுபடி எடுக்கவும் முடியாது. ஆனால் வாணியம்பாடிப் பையன் உருது கலந்த தமிழில் ஒரு சாக்குச் சொல்வதும், திருப்பத்தூர்ப் பெண்ணின் தெலுங்கு வாடையும், ஸ்டேஷன் அறிவிப்பின் இழுவையும் அப்படித்தான் திரையில் ஏறும். 50 வேகனில் 49-ஐ நகலெடுத்தது இதற்காகத்தான்.